சீல் உடைந்த சீமைச் சரக்கு

துபாய் விமான நிலையத்துக் கடையில் தமிழரசு நிற்கும் மூலைக்கு வந்த எவரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தடுமாறியதில்லை. ஆளைப் பார்ப்பான், இரண்டே கேள்வி கேட்பான், அலமாரிப் பக்கம் கையை நீட்டுவான். மாமனாருக்கா? அயர்லாந்துச் சரக்கு, தொண்டையில் உரசாமல் இறங்கும், மருமகன் பேரைக் கெடுக்காது. மேலதிகாரிக்கா? ஸ்காட்லாந்து, பதினெட்டு வருஷம் பீப்பாயில் கிடந்தது, பாதி வேலையை அந்தப் பெட்டியே முடித்துவிடும். குடிக்கத் தெரிந்த சிநேகிதனுக்கா? அப்படியானால் ஜப்பானைப் பார்க்கலாம். எட்டு வருஷமாக உலகத்து விஸ்கிகளை எல்லாம் மோந்து, நாக்கில் ஒரு சொட்டு வைத்து, துப்பி, ஊருக்கெல்லாம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன், அன்றைக்கு அதே அலமாரிக்கு முன்னால் ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தான். வாங்க வேண்டியது செத்துப்போன அப்பாவுக்கு.

சித்தூர் பக்கத்துக் குடிபாலாவில் அப்பா கிருஷ்ணப்பா போய்ச் சேர்ந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மண்ணுக்குக் கொண்டுபோகும்போது மகன் இல்லை, விடுப்பு கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் கருமாதிக்காவது போய்விட வேண்டும் என்று கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தான். அவர்கள் பக்கத்தில் கருமாதிப் படையலில் செத்தவர் விரும்பியதெல்லாம் இருக்க வேண்டும். சோறு, கறிக்குழம்பு, வடை, பீடிக்கட்டு, குடிக்கிற மனுஷராக இருந்தால் அவர் குடித்த சரக்கு. படைத்து முடித்ததும் செத்தவரின் கூட்டாளிதான் பாட்டிலைத் திறப்பார். முதல் டம்ளர் படத்துக்கு முன்னால். அடுத்தது சம்பந்திக்கு. அப்புறம் பங்காளிகளுக்கு. இந்த வரிசை தப்பினால் அங்கேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று தமிழரசுக்குத் தெரியவில்லை. ஒரு நாளும் கேட்டதில்லை. ருசி பார்க்கத் திறந்து வைத்திருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மோந்தான். அயர்லாந்து ரொம்பச் சாது. கனடா இனிப்பு, அவர் முகத்தைச் சுளிப்பார். ஜப்பான் சரக்கு விருந்தாளி மாதிரி மரியாதையாக வந்து உட்கார்ந்து எழுந்து போய்விடுகிறது. கடைசியில் ஸ்காட்லாந்தில் ஏதோ தீவில் காய்ச்சிய ஒன்றை மோந்தபோது புகை வாசனை மூக்கில் ஏறியது. வெல்லம் காய்ச்சும் கொட்டகையின் புகை. கிருஷ்ணப்பா பத்து வருஷம் அந்தக் கொட்டகையில்தான் கரும்புப்பாலைக் கிண்டிக்கொண்டிருந்தார். அதையே எடுத்துக்கொண்டான். எடுத்த கையோடு, ஊரில் அப்பா வீட்டில் இருக்கிற இன்னொரு பாட்டில் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த இன்னொரு பாட்டிலின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

வெல்லக் கொட்டகைக்குப் போவதற்கு முன்னால் கிருஷ்ணப்பா சித்தூர் சாராய டிப்போவில் இருந்தார். லாரியில் பீப்பாய் வரும். வழியில் ஓட்டுநர்கள் இரண்டு குடம் இறக்கிக்கொண்டு அதே அளவு தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். அதைக் கண்டுபிடிப்பதுதான் கிருஷ்ணப்பாவின் வேலை. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, இரண்டு கையையும் தேய்த்து, மோந்து, பிறகு நாக்கு நுனியில் தொட்டுத் துப்புவார். இந்தப் பீப்பாயில் இத்தனை குடம் தண்ணீர் என்பார். அது ஏரித் தண்ணீரா, போர் தண்ணீரா என்றுகூடச் சொல்லுவார் என்று அவருடைய கூட்டாளி அப்பாவு அளந்துவிடுவார். தொண்ணூற்று மூன்றில் சாராயத்தை நிறுத்தினார்கள், டிப்போவைப் பூட்டினார்கள். நாக்கை வைத்துப் பிழைத்த மனுஷர் நெருப்புக்கு முன்னால் போய் நின்றார்.

ஆந்திரா முழுக்க மதுவிலக்கு இருந்த வருஷத்தில் தமிழரசு துபாய்க்குப் போனான். ஓட்டலில் தரை துடைத்து, அப்புறம் மேஜை துடைத்து, அப்புறம் கடைக்கு வந்தான். ஒரு முறை ஸ்காட்லாந்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்து விற்பனையாளர்களுக்கு எல்லாம் மோந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தார். தமிழரசு தன்னை அறியாமல் உள்ளங்கையில் சொட்டு விட்டுத் தேய்த்து மோந்தான். வெள்ளைக்காரர் அசந்துபோய், இதை எங்கே கற்றாய் என்று கேட்டார். சாராய டிப்போவில் என் அப்பாவிடம் என்று சொல்ல வாய் வரவில்லை. பெங்களூரில் பெரிய ஓட்டலில் என்று சொல்லிவிட்டான். மற்றவர்கள் கை தட்டினார்கள்.

இரண்டாயிரத்து நாலில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மனைவி சிவசங்கரி பிரசவத்துக்குத் திருப்பதியில் அம்மா வீட்டில் இருந்தாள். அவளுடைய அப்பா எத்திராஜ் அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போடமாட்டார். சனிக்கிழமை சரக்கைத் தொடமாட்டார். மற்ற ஆறு நாளும் பெருமாள் பார்த்துக்கொள்வார் என்பது அவர் கட்சி. தமிழரசு பதினெட்டு வருஷத்து ஸ்காட்லாந்துச் சரக்கு இரண்டு பாட்டிலோடு நேராக அங்கேதான் போய் இறங்கினான். ஒன்று மாமனாருக்கு, ஒன்று அப்பாவுக்கு என்றுதான் துபாயில் நினைத்தான். மாமனார் வீட்டு மொட்டைமாடியில் லாட்ஜ் முதலாளி, அவர் தம்பி, ரயில்வேக்காரர் இரண்டு பேர் என்று சபை கூடிவிட்டது. மாப்பிள்ளை துபாயில் பெரிய கடையில் இருக்கிறார் என்று எத்திராஜ் எல்லாருக்கும் சொன்னார். அந்த நேரத்தில் ஒரு பாட்டிலை மட்டும் வெளியே எடுத்து, இன்னொன்றைப் பெட்டியில் வைத்துப் பூட்ட அவனுக்கு வெட்கமாக இருந்தது. ரெண்டும் உங்களுக்குத்தான் மாமா என்று நீட்டிவிட்டான். விடிவதற்குள் இரண்டும் காலி.

மறுநாள் அப்பாவைப் பார்க்கக் கிளம்பும்போது காலிப் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான். எதற்கு என்று அப்போது அவனே தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. பஸ் புத்தலப்பட்டில் நின்றதும் இறங்கிவிட்டான். அங்கே அவனைத் தெரிந்தவர் யாரும் இல்லை. வைன் ஷாப்பில் இருப்பதிலேயே மட்டமான விஸ்கியில் நாலு குவார்ட்டர் வாங்கினான். மாந்தோப்பு வேலி ஓரம் உட்கார்ந்து, தெலுங்குப் பேப்பரைப் புனல் மாதிரி சுருட்டி, பாட்டிலுக்குள் ஊற்றினான். நிறம் ஏறக்குறைய ஒத்துப்போனது. கழுத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது. காலம் முழுக்கச் சாராயம் ருசி பார்த்த நாக்கு, சீமைச் சரக்கை எங்கே கண்டது என்று நினைத்தான். உலகத்து விஸ்கி எல்லாம் தெரிந்தவனுக்கு அந்த ஒரு நாக்கு தெரியாமல் போனது.

கிருஷ்ணப்பா பாட்டிலை வாங்கி இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். மூடியைத் திருகினார். அது லேசாகத் திரும்பிவிட்டது.

"சீல் ஒடஞ்சி கீதேடா" என்றார்.

இதற்குத் தமிழரசு பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான். ரெண்டு நாள் மாமனார் வீட்டில் இருந்தது, மாமாதான் ஆசையாகத் திறந்து மோந்து பார்த்தார் என்றான்.

கிருஷ்ணப்பா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். தேய்த்தார். மோந்தார். கொஞ்ச நேரம் கையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. பிறகு மூடியை இறுக்கி, "நல்லா கீதுடா. பத்திரமா வச்சிக்கிறேன்" என்று சொல்லி சாமி படத்துக்குக் கீழே இருந்த அலமாரியில் வைத்தார். தமிழரசுக்கு அப்பாடா என்று இருந்தது.

அதை அவர் குடிக்கவே இல்லை. பொங்கலுக்குக் கேட்டார்கள், ஜாத்திரைக்குக் கேட்டார்கள். யாருக்கும் ஒரு சொட்டு கொடுக்கவில்லை. மகன் துபாய்க்குப் போனதும் கிருஷ்ணப்பாவுக்குக் கஞ்சத்தனம் வந்துவிட்டது என்று ஊர் பேசியது. அடுத்த விடுப்பில் அசல் பாட்டில் ஒன்று கொண்டுவந்து, இதைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று தமிழரசு ஒவ்வொரு தடவையும் நினைப்பான். ஒவ்வொரு தடவையும் ஒரு கல்யாணம், ஒரு ஏஜெண்டு, ஒரு சிநேகிதன். கொண்டுவந்தது சென்னையைத் தாண்டுவதற்குள் தீர்ந்துபோகும். நாலு வருஷம் ஓடியது. இன்னொன்றும் நடந்தது. கிருஷ்ணப்பா அதற்குப் பிறகு சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பேத்தி தரணி அங்கேதான் வளர்ந்தாள். பெயர் வைக்கக் கூப்பிட்டார்கள், காது குத்தக் கூப்பிட்டார்கள், போகவில்லை. கால் வலி என்றார். துபாய்க் காசு வந்ததும் திமிர் வந்துவிட்டது என்று எத்திராஜ் மனம் கசந்து சொல்லிக்கொண்டிருந்தார். சிவசங்கரி தொலைபேசியில் அழுதாள். தமிழரசும் அப்பாவைத்தான் கோபித்துக்கொண்டான்.

கருமாதியன்று காலையில் படையல் போடும் இடத்தில் புகை வாசனைச் சரக்கைக் கொண்டுபோய் வைத்தான். அம்மா வெங்கடலட்சுமி உள்ளே போய் அந்தப் பழைய பாட்டிலை எடுத்து வந்து முந்தானையால் துடைத்தாள். புதுசு இருக்கிறதே, அது எதற்கு என்று கேட்டுப் பார்த்தான். புதுசை அவர் கண்ணால் பார்த்ததில்லை, இதைத்தான் தினம் தினம் துடைத்து வைப்பார், இது இல்லாமல் என்ன படையல் என்று அவள் நடுவில் வைத்துவிட்டாள். அவன் மறுபடி வாயைத் திறப்பதற்குள் திருப்பதியிலிருந்து கார் வந்துவிட்டது.

எத்திராஜ் வெள்ளைச் சட்டையில் இறங்கினார். சிவசங்கரி இறங்கினாள். நாலு வயது தரணி ஓடிவந்து மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று, தாத்தா டீக்கடையில் பிஸ்கெட் தருவார் என்றாள். எந்த டீக்கடை, கனவு கண்டாயா என்று சிவசங்கரி அவளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

கற்பூரம் காட்டி முடிந்தது. அப்பாவு முன்னால் வந்தார். டிப்போவில் கிருஷ்ணப்பாவோடு இருபது வருஷம் பீப்பாய் உருட்டியவர், தமிழரசுக்குச் சித்தப்பா முறை. புதுப் பாட்டிலைத் தொடாமல் பழையதை எடுத்தார். திறந்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்தார். அதைப் பார்க்கமுடியாமல் தமிழரசு தரையைப் பார்த்தான். படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் ஊற்றினார். அடுத்தது சம்பந்திக்கு. எத்திராஜ் டம்ளரை நீட்டி, இந்தச் சரக்கை நான் குடித்திருக்கிறேன், அருமையான சரக்கு, சம்பந்தி இத்தனை நாள் காப்பாற்றி வைத்திருக்கிறாரே என்று நல்ல மனதோடுதான் சொன்னார். அப்பாவு அவரைத் தாண்டிப் பக்கத்தில் இருந்த பங்காளிக்கு ஊற்றினார்.

தப்பாக எண்ணிக்கொள்ளாதீர்கள், என்னை விட்டுவிட்டீர்கள் என்று எத்திராஜ் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"உடல. உங்க பங்கு நாலு வருஷத்துக்கு முந்தியே முடிஞ்சிப்போச்சி" என்றார் அப்பாவு. "அசல நீங்க குடிச்சிட்டு, வைன் ஷாப்பு சரக்க ஊத்தி அனுப்பனீங்க. கிருஷ்ணப்பா அன்னிக்கே மோந்து கண்டுபுடிச்சிட்டான். எவன்கிட்டயும் சொல்லாதடா, மருமவ மனசு நோவும், எம் பையன் தல குனிவான்னு என்கிட்ட சத்தியம் வாங்கினு போனான். ஒருத்தன் நாக்குல பட்டாலும் வெளிய தெரிஞ்சிடும்னு ஒரு சொட்டு எவனுக்கும் குடுக்கல. ஊரே கஞ்சன்னு சொல்லிச்சி, கேட்டுக்கினான். அவன் போய்ட்டான். இன்னும் எதுக்கு நான் வாய மூடிக்கினு இருக்கணும்?"

எத்திராஜுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். மகளைப் பார்த்து, கிளம்பும்மா என்றார். பங்காளிகள் எல்லாரும் அவருடைய வெள்ளைச் சட்டையையே பார்த்தார்கள்.

தமிழரசு பேசவில்லை. பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அந்த நிமிஷத்திலும் அவன் கணக்குப் போட்டான். மாமனார் கோபமாகப் போவார். நாளைக்குத் திருப்பதிக்குப் போய் காலில் விழுந்து, சித்தப்பா கிழவர், ஏதோ உளறிவிட்டார் என்று சமாதானம் சொல்லிவிடலாம். இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. எத்திராஜ் வாசலில் குனிந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்கிற வரைக்கும் அவன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். பிற்பாடு நினைத்தபோதெல்லாம், புத்தலப்பட்டு மாந்தோப்பைவிட அந்தச் செருப்பு மாட்டும் நேரம்தான் அவனுக்கு அதிக அவமானமாக இருந்தது.

செருப்பைப் போட்ட எத்திராஜ் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க மாப்ள. ரெண்டு பாட்டிலும் உங்களுக்குத்தான்னு சொல்லித்தானே குடுத்தீங்க? நான் எதையாவது மாத்தி வச்சேனா?"

அவர் குரலில் கோபம்கூட இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"இல்ல மாமா" என்றான் தமிழரசு. "நான்தான். புத்தலப்பட்டுல எறங்கி நாலு குவார்ட்டர் வாங்கி நான்தான் ஊத்தினேன். சீல் ஒடஞ்சி கீதேன்னு நைனா கேட்டாரு. நீங்க தொறந்தீங்கன்னு சொல்லிட்டேன்."

சொன்ன பிறகு யாராவது அடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஒருவரும் அடிக்கவில்லை. சிவசங்கரி தலையைக் குனிந்துகொண்டாள். பங்காளிகள் கையில் இருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எத்திராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். படத்துக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டார். நாலு வருஷமாக அவரைத் திமிர் பிடித்தவர் என்று தெருவெல்லாம் சொன்னேனே என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை பக்கம் அவர் திரும்பவில்லை.

அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுகையோ கோபமோ இல்லாத குரலில் பேசினாள்.

"மாசா மாசம் திருப்பதி கோயிலுக்குன்னு பஸ் ஏறுவாரு. மல மேல ஒரு தடவகூட போனதில்ல. இவங்க வூட்டு எதிர டீக்கடையில ஒக்காந்துக்கினு இருப்பாரு. கொழந்த வெளிய வந்தா கூப்புட்டு ரெண்டு பிஸ்கெட்டு குடுத்துட்டு வருவாரு. வூட்டுக்குள்ள போனா இன்னான்னு கேப்பேன். எம் புள்ளைய ஏமாத்தனவங்க வூட்டுத் தண்ணிய குடிக்க மாட்டேன்னு சொல்வாரு. யாரு ஏமாத்தனாங்க, இன்னா ஏமாத்தனாங்கன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டாரு."

தரணி மடியிலிருந்து தலையைத் தூக்கி, நான் சொன்னேனே என்றாள்.

"வெறுங்கையோட வந்திருந்தா இன்னாடா உனுக்கு?" என்றாள் வெங்கடலட்சுமி. "அவரு சரக்கா கேட்டாரு?"

தமிழரசு வாயில் வந்ததைச் சொல்லி ஒரு தடவை பார்த்தாயிற்று.

அப்பாவு புதுப் பாட்டிலைத் திறந்தார். வரிசை தப்பாமல் படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் வைத்து, அடுத்தது எத்திராஜுக்கு ஊற்றினார். மன்னிச்சிடுங்க என்றார். எத்திராஜ் வாங்கிக்கொண்டார். பங்காளிகள் கையில் இருந்ததைக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து புதுசை வாங்கிக்கொண்டார்கள். புகை வாசனை கூடம் முழுக்கப் பரவியது. ஒருவர் மோந்துவிட்டு, வெல்லக் கொட்டகை மாதிரி இருக்கிறது, கிருஷ்ணப்பாவுக்குப் பிடித்திருக்கும் என்றார்.

அப்பாவு கடைசியாகத் தமிழரசிடம் வந்தார். அவர் கையில் இருந்தது பழைய பாட்டில்.

"இது ஒன் பங்கு" என்றார்.

தமிழரசு டம்ளரை நீட்டினான். வாயில் ஊற்றியதும், எட்டு வருஷமாகப் பழகிய நாக்கு அதுபாட்டுக்கு வேலையைத் தொடங்கியது. முதலில் கருக்கிய சர்க்கரை. அதற்கு அடியில் பச்சை ஸ்பிரிட்டு. கடைசியில், பாட்டிலை அவன் சரியாகக் கழுவாமல் ஊற்றியதால், அடியில் தங்கிப்போயிருந்த பதினெட்டு வருஷத்து அசல் சரக்கின் வாசனை ஒரே ஒரு இழை. அதையும் அப்பா மோந்திருப்பார். மகன் அசலைத்தான் வாங்கினான், வழியில் சம்பந்தி வீட்டில்தான் மாற்றிவிட்டார்கள் என்று அவர் நம்பியது அதை வைத்துத்தான்.

துப்புவதற்கு வாசல் பக்கத்திலேயே இருந்தது. தமிழரசு விழுங்கிவிட்டு மறுபடியும் டம்ளரை நீட்டினான். அப்பாவு ஊற்றினார்.